எட்டாம் கட்டிலின் மூத்திர அளவு

மூத்திரத்தைப் பற்றி எழுத வெட்கப்பட்டால் என் வேலையைப் பற்றியே எழுத முடியாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வரலாம்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு வருஷக் கோர்ஸ் படித்து இங்கே சேர்ந்தேன். நான் நர்ஸ் இல்லை, ஊசி போடக் கூடாது. ஆயாவும் இல்லை, தரை துடைக்க வேண்டியதில்லை. நோயாளிக்குப் பல் தேய்த்துவிடுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, உள்ளே போன தண்ணீரையும் வெளியே வந்த மூத்திரத்தையும் அளந்து சார்ட்டில் எழுதுவது, இதெல்லாம் என் வேலை. நோயாளிகள் என்னை சிஸ்டர் என்கிறார்கள், சிஸ்டர்கள் அக்கா என்கிறார்கள், டாக்டர் ‘ஏம்மா’ என்கிறார். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

குழாய் போட்ட நோயாளிக்கு மூத்திரம் கட்டிலோரம் தொங்குகிற பிளாஸ்டிக் பையில் வந்து சேரும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் நான் அதை அளவு ஜாடியில் இறக்கி, கோடு பார்த்து, எழுதிவிட்டுக் கொட்டுவேன். ராத்திரிக்கு வேறொரு பெண் இருக்கிறாள். இதில் குழம்புவதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி. பசுவந்தனைப் பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து எட்டாம் கட்டிலில் சேர்த்தார்கள். செம்மறி மேய்க்கிறவர், அறுபத்தைந்து வயது இருக்கும். ஐந்து நாளாகக் காய்ச்சல், வாந்தி. ஊரிலேயே ஊசி போட்டுப் பார்த்துவிட்டு முடியாமல் வந்திருக்கிறார்கள். ஆள் நிதானத்தில் இல்லை. ஆடு தண்ணீர் குடிக்கவில்லை என்றார், மழை இருட்டுகிறது, கிடையை மாற்றிப் போடு என்றார். மகன் நூல் மில்லில் வேலை பார்க்கிறவன், ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் வந்து எட்டிப் பார்ப்பான். முழுநேரமும் கூட இருந்தது அவருடைய மனைவிதான். ஒல்லியான அம்மா, உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே இருப்பார்.

ரத்தம் பார்த்ததில் கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது என்று தெரிந்தது. டாக்டர் டிரிப்ஸ் போடச் சொன்னார், மூத்திரக் குழாய் போடச் சொன்னார். எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த மருந்து, ஒரு சொட்டு விடாமல் அளக்க வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் நாள் காலையில் அவருக்கு உடம்பு துடைத்தேன். குதிகால் வெடிப்பில் கரிசல் மண் அப்பிப் போயிருந்தது. இரண்டு தண்ணீர் மாற்றியும் அது வரவில்லை, விட்டுவிட்டேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று நான் செய்கிறதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பையைக் காட்டி, இது தரையில் படக் கூடாது, கட்டில் மேலே தூக்கி வைக்கக் கூடாது என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். முந்தின வாரம் நான் சாப்பிடப் போன நேரத்தில் இன்னொரு கட்டிலில் பை நிரம்பி வழிந்து, எனக்கு நல்ல மண்டகப்படி கிடைத்திருந்தது. அந்த எரிச்சலில், அடியிலிருக்கும் திருகைத் திறப்பது எப்படி, மூடுவது எப்படி என்றும் காட்டிக்கொடுத்தேன். அவசரம் என்றால் மட்டும் திறங்கள் என்றேன். திறந்தால் அளக்க வேண்டும் என்று சொன்னேனா? சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்றே தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அளந்தபோது முந்நூற்றைம்பது மில்லி இருந்தது. பரவாயில்லை. சாயங்காலம் வெறும் எண்பது. ராத்திரிப் பெண் இரண்டு தடவையும் சேர்த்து நூற்றுப் பத்து எழுதியிருந்தாள். மறுநாள் காலையில் டாக்டர் சார்ட்டைப் பார்த்து நெற்றியைத் தடவினார். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராவிட்டால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். டிரிப்ஸைக் குறைத்து, மூத்திரம் போவதற்கு ஊசி போடச் சொன்னார். ஊசி போட்ட பிறகு மத்தியானம் நான் அளந்தது அறுபது மில்லி.

குழப்பம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அன்று பத்து மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினேன். கையில் கனம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் கட்டிலில் ஜாடியோடு தொடங்கி ஒவ்வொன்றாக எட்டாம் கட்டிலுக்கு வந்தால், பை தொளதொளவென்று கிடக்கிறது. கை ஒன்று சொல்கிறது, ஜாடி ஒன்று சொல்கிறது. ஏழாம் கட்டிலிலும் குழாய் போட்ட ஆள்தான். அந்தப் பையைத் தூக்கிவிட்டு இந்தப் பை என்று நினைத்துக்கொண்டேனோ? திருகு கசிகிறதோ என்று குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. காலையில் வீட்டில் ஸ்டவ்வை அணைத்தோமா என்றே சந்தேகப்படுகிற ஆள் நான். என் கையை நம்புவதா, கோடு போட்ட ஜாடியை நம்புவதா? ஜாடி சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தாராளமாப் போகுது. அவ தூக்கிட்டுப் போறா” என்றார்.

சரிங்கய்யா என்றேன். அதற்கு முந்தின பேச்சு ஆட்டுக்குட்டி கட்டில் அடியில் கத்துகிறது என்பது. இதையும் அதோடு சேர்த்துவிட்டேன். ஷிஃப்ட் மாறும்போது, இன்னும் உளறிக்கொண்டுதான் இருக்கிறார் என்று சிஸ்டரிடம் சொன்னதும் நான்தான்.

மூன்றாம் நாள் காலையில் வாய் துடைத்துவிடப் போனேன். பஞ்சு நாக்கில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. வெயில்காலத்தில் வயிற்றுப்போக்கோடு வருகிற ஆட்களுக்குத்தான் அப்படி நிற்கும். இவருக்குத் தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. அப்படியானால் உடம்பு ஊத வேண்டும். கால் வீங்க வேண்டும். இவர் கால் காய்ந்த கட்டைபோல வற்றிக் கிடந்தது. போன தண்ணீர் எங்கே? சிஸ்டரிடம் கேட்டேன். வாயால் மூச்சு விடுகிறார், அதனால் வறளும், அடிக்கடி நனைத்துவிடு என்றார். பன்னிரண்டு கட்டிலுக்கு அன்று அவர் ஒருவர்தான், என் குழப்பத்தைக் கேட்க அவருக்கு நேரமில்லை. டாக்டரும் ஸ்கேனில் பார்த்துவிட்டு மூத்திரப்பையும் காலியாகத்தான் இருக்கிறது என்றார். அவர் முகத்திலும் குழப்பம் தெரிந்தது. டாக்டருக்கே புரியவில்லை, எனக்கு எங்கே புரியப்போகிறது என்று ஒரு ஆறுதல் வந்ததை மறைக்கவில்லை.

பிரஷர் இறங்கிக்கொண்டு வந்தது. கிட்னி அநேகமாக நின்றுவிட்டது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தப்படுத்தினால்தான் ஆகும், அதற்குள் வழியிலேயே ஏதாவது ஆனாலும் ஆகலாம் என்று மகனிடம் டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ். மகன் பணத்துக்கு ஏற்பாடு செய்ய வெளியே போனான். அந்த அம்மா என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மெஷின்ல போட்டா அவிய திரும்பி வருவாவளா தாயி?”

வருவாங்கம்மா என்றேன். நாங்கள் எல்லோரிடமும் சொல்வதுதான்.

பதினொன்றரை மணிக்கு அவரைப் பயணத்துக்குத் தயார்படுத்தப் போனேன். மேல்துண்டை மாற்றி, கீழே குனிந்து பையைப் பார்த்தேன். இந்தத் தடவை தூக்கிப் பார்க்கவில்லை, கண்ணாலேயே பார்த்தேன். அறுநூறு கோட்டைத் தாண்டியிருந்தது. மூத்திரம் போகிறது! ஜாடியை எடுத்துவர ஓடினேன். மூன்றாம் கட்டிலில் ஒரு கிழவர் பெட்பேன் என்று தவித்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட முடியவில்லை. அந்த வேலையை முடித்து, கை கழுவி, ஜாடியோடு திரும்பினால் பை சப்பையாகக் கிடக்கிறது. திருகு துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது.

எட்டாம் கட்டில் குளியலறையை ஒட்டிய கட்டில். கதவு திறந்தது. அந்த அம்மா பச்சைப் பிளாஸ்டிக் மக் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கழுவிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதுல என்னம்மா கொண்டு போனீங்க?”

“ஒனக்கு எதுக்கு வேல வைக்கணும்னு நானே ஊத்திட்டேன் தாயி. மொத நா சாயங்காலத்துல இருந்து நாந்தான் ஊத்துதேன். ராத்திரி வார பிள்ளைக்கும் வைக்கதில்ல. டெட்டால் போட்டுக் கழுவித்தான் வைக்கேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். முதல் கட்டிலில் நான் ஜாடியை எடுக்கிறதைப் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டுத் திருகைத் திறந்திருக்கிறார். எட்டாம் கட்டிலுக்கு நான் வந்து சேர்வதற்குள் சொட்டுவதுதான் என் அறுபதும் எண்பதும். திறக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். பெரியவர் என் முகத்துக்கு நேரே சொன்னார், கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாவின் கையிலிருந்து மக்கைப் பிடுங்கிவிட்டேன். யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

“மொத நா நீ அத எடுத்துட்டுப் போகையில மூஞ்சியத் திருப்புன” என்றார். “ஆரு பெத்த பிள்ளையோ, எங்க வீட்டு அசிங்கத்த இது சொமக்கணுமாக்கும்னு இருந்துச்சு.”

நான் முகத்தைத் திருப்பினேனா? முகம் சுளிக்கிறவர்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கே போகட்டும் என்று புதிதாக வருகிற பெண்களிடம் பேசுகிறவள் நான். வாந்தியும் சீழும் பார்த்தவள். மூத்திரத்துக்கா முகம் சுளிப்பேன்? ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை?

யோசிக்க நேரமில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் யோசித்தேன். இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துவிடும். திருநெல்வேலியில் புதுப் பை மாட்டி அவர்களே அளப்பார்கள், அவர்களுக்கே தெரிந்துவிடும், என் பெயர் எங்கும் வராது. அந்த அம்மாவும் என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று அதற்குள் புரிந்துகொண்டு, மகனிடம் சொல்லிவிடாதே, அவன் என்னைக் கொன்றே போடுவான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லாவிட்டால் ரெண்டு பேருக்குமே நல்லது என்பது போலத்தான் ஒரு நிமிஷம் இருந்தது. அப்போதுதான் சிஸ்டர், கிளம்புவதற்கு முன் போட வேண்டிய ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். மூத்திரம் போவதற்கான அதே ஊசி. வற்றிக் கிடக்கிற ஆளை இன்னும் பிழிகிற ஊசி. மக்கும் கையுமாகக் குறுக்கே போய் நின்றேன்.

“போடாதீங்க சிஸ்டர். நான் எழுதுனது எல்லாம் தப்பு.”

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூன்று நாளில் மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று மட்டும் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அறை வாசலில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

“எழுதத் தெரியாதுங்க அய்யா. அளவு தெரியும். சொசைட்டிக்குப் பால் ஊத்துத கை” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மக்கை மேஜைமேல் வைத்தோம். முதல் நாள் சாயங்காலம் இவ்வளவு என்று உள்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடம்வரை நான் தண்ணீர் ஊற்றி, அதை என் ஜாடியில் இறக்கிக் கோடு படித்தேன், டாக்டர் எழுதினார். ராத்திரி முக்கால். விடியக்காலம் நாலு விரக்கடை. மறுநாள் மத்தியானம் ஊசிக்குப் பிறகு மக் நிறைய, அப்புறம் மறுபடி அரை. ஒரு தடவை யோசித்து, இல்லை, அது மழை சடசடவென்று வந்த நேரம், இன்னும் ஒரு விரல் கூட என்று திருத்தினார். மூன்று நாளாக நான் பேனா பிடித்து எழுதியது ஒன்றுக்கும் உதவவில்லை. எழுதத் தெரியாத அம்மாவின் விரலில்தான் சரியான சார்ட் இருந்தது. கூட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். கிட்னி வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நாம்தான் ஆளை வற்ற வைத்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார்.

மகனிடம் அவர் பேசியபோது நான் கூட நின்றேன். வார்டில் அளவு எடுத்ததில் பிசகிவிட்டது, திருநெல்வேலி இப்போது வேண்டாம், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான், அதை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, பாதி கோபமாகவும் இருந்தது. பழைய சார்ட்டை அடிக்க வேண்டாம், அதன் கீழேயே புது அளவை எழுது என்றார் சிஸ்டர். என் பழைய கையெழுத்துக்குக் கீழே மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.

டிரிப்ஸ் வேகமாக ஓடியது. சாயங்காலம் பிரஷர் கொஞ்சம் ஏறியது. ஆறு மணிக்கு ஜாடியோடு போனேன், அந்த அம்மா சுவரோரம் ஒதுங்கி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். பையைத் தொடவே இல்லை என்று காட்டுவதற்காக அப்படி நின்றார் என்று பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போன பிறகும் மனசு அந்த முதல் நாளிலேயே சுற்றியது. அன்று மத்தியானம் நான் என்ன நினைத்துக்கொண்டு அந்த ஜாடியைத் தூக்கினேன்? பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ வாங்குவதை நினைத்தேனோ? பினாயில் நெடியா? மழையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த இடுப்பு வலியா? உண்மையிலேயே அருவருப்புத்தானோ, ஆறு வருஷமாக எனக்கே தெரியாமல் இப்படித்தான் எல்லோருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேனோ? வீட்டுக்காரரிடம், நான் மூஞ்சியச் சுளிப்பேனா என்று கேட்டேன். நீ ரசம் ஊற்றும்போதே அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அழுகை வந்துவிட்டது. ஊசி வரைக்கும் வந்துவிட்டதே, நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் அழுதேனா, அந்த அம்மா சொன்னதற்காக அழுதேனா, அதுவும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் பெரியவருக்கு நிதானம் வந்துவிட்டது. நான் ஜாடியோடு எட்டாம் கட்டிலுக்குப் போனபோது தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து திருகைத் திறந்ததும் சங்கடப்பட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்து, யார் இது, எத்தனை நாளாக இதை எடுக்கிறது என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்தப் பிள்ளதான் மொத நாள்ல இருந்து எல்லாம் பாக்கு. ஒரு நாளு ஒரு பொழுது மூஞ்சி சுளிச்சதில்ல” என்றார்.

பெரியவர் எச்சில் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி என்னைக் கும்பிட்டார். ஜாடி ஐந்நூற்று இருபது காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முன்னாலும் நின்றேன். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.